முரண்டு பிடிக்கும் டாரட் சீட்டுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டாரட் என்பது எதிரில் உட்கார்ந்து கேட்பவருக்குக் குறி சொல்லப் பயன்படுத்தும் படச் சீட்டுக்கட்டு. அதில் 78 சீட்டு. அதை 78 ஆட்கள் என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும். 22 பேர் எம்பரர், டெத், டவர் என்று தனிப் பெயர் உள்ள பெரிய தலைகள். மீதி 56 பேர் கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு வீட்டார், வீட்டுக்குப் பதினான்கு பேர்: ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள், பிறகு ஏவலாள், வீரன், ராணி, ராஜா. ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், ஒரு குணம், ஒரு வீம்பு உண்டு. நான் சொல்லும் படங்கள் எல்லாம் 1909-ல் லண்டனில் வந்த கட்டில் உள்ளவை, அதன் கதை பின்னால் வரும்.

மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் புதிதாகக் கட்டு வாங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, கட்டு சரியில்ல போல, மாத்திறவா?" மாற்ற வேண்டியதில்லை. கோளாறு பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும். கடற்காற்று, கலைக்கும் விதம், அப்புறம் சீட்டின் பெயரை வாசித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் விடுவது. இந்த வரிசையிலேயே சோதியுங்கள். ஈரத்தால் ஒட்டிய சீட்டுக்கு ஆழமான அர்த்தம் தேடிப் பயனில்லை.

அறிகுறி: ஒருவரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் வருகிறார்கள்

எம்பரரை (பேரரசர்) எடுத்தால் அவர் முதுகிலேயே எம்பரஸும் (பேரரசி) ஒட்டிக்கொண்டு வருகிறார். பிரிக்கவே முடியாத தம்பதி என்று நினைத்துவிடாதீர்கள். அது உப்பு. நம் ஊர்க் காற்றில் வரும் உப்பு சீட்டில் படியும், படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் அதிகம்.

மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, சீட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரு முறை துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். காற்றாடிக்குக் கீழே பரப்பி ஆறவிடுங்கள். வெயிலில் வைத்தால் நெத்திலிக் கருவாடு போலச் சுருண்டுவிடும், வண்ணமும் வெளுக்கும். ஏற்கெனவே வளைந்த சீட்டுகளை ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என்று மாற்றி அடுக்கி, ஒரு ராத்திரி கனமான பெட்டிக்கு அடியில் வையுங்கள்.

வைப்பதற்கு ஓலைக் கொட்டான் அழகாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்குள் காற்று போய்வரும். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா வாங்குங்கள். மாத்திரைக் குப்பிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைச் சேர்த்து வைத்து அதில் போடுங்கள். இன்னொன்று, மீன் ஆய்ந்த கையோடு கட்டைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் கொஞ்ச நேரம் வாசம் இருக்கும். அந்த வாசம் சீட்டில் ஏறினால் லேசில் போகாது.

அறிகுறி: ஒரே ஆள் தினமும் வந்து நிற்கிறார்

தினமும் மூன்று சீட்டு எடுப்பவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். நேற்று வந்த மூவரில் ஒருவராவது இன்றும் வருவதற்கு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு வாய்ப்பு. கட்டு ஒழுங்காகக் கலைந்திருந்தாலே கணக்கு இதுதான். அதற்கும் மேலே அடிக்கடி வந்தால், கலைப்பது போதவில்லை.

52 சீட்டுள்ள சாதாரணக் கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களை உதிர்த்துக் கோத்துக் கலைத்தால், நன்றாகக் கலைய ஏழு தடவை வேண்டும் என்று 1992-ல் டேவ் பேயர், பெர்சி டயக்கோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம் கட்டு அதைவிடப் பெரிது, எட்டு ஒன்பது தடவை கலைத்துவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக முன்னும் பின்னும் மாற்றுவது ரொம்ப மெதுவான வேலை. அப்படிக் கலைப்பவர்களின் கட்டில்தான் நேற்று பக்கத்தில் இருந்தவர்கள் இன்றும் பக்கத்திலேயே இருப்பார்கள். ஓரம் மடியும் என்று பயப்படுபவர்கள், மணல் உதறிய போர்வையில் எல்லாச் சீட்டையும் குப்புறப் பரப்பி இரண்டு கையாலும் நன்றாகத் துழாவலாம்.

இதற்குப் பிறகும் நாணயம் நான்கு விடாமல் வருகிறாரா? சரி, அவர் குணம் அது. படத்தைப் பாருங்கள். ஒரு காசைத் தலைமேல் வைத்திருக்கிறார், ஒன்றை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருக்கிறார், இரண்டைக் காலுக்கு அடியில் மிதித்துக்கொண்டிருக்கிறார். காசு போகாது, ஆனால் அவராலும் எங்கும் போக முடியாது. வீட்டில் யார் ஞாபகத்துக்கு வருகிறார்கள் என்று எதிரில் இருப்பவரிடம் கேளுங்கள். பதில் சிரிப்போடுதான் வரும். பல நேரம் அந்த ஆள் கூடவே உட்கார்ந்திருப்பார்.

அறிகுறி: எல்லோரும் தலைகீழாக நிற்கிறார்கள்

கட்டை வெட்டும்போது ஒரு பாதியைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் நேராக்கிவிட்டுத் திரும்பக் கலையுங்கள். ஹேங்டு மேன் (தொங்கும் மனிதர்) மட்டும் நேராக வைத்தாலே தலைகீழாகத் தொங்குபவர். அவரை "சரி" செய்துவிடாதீர்கள்.

அறிகுறி: டெத் (மரணம்) வந்ததும் எதிரில் இருப்பவர் எழுந்து செருப்பைத் தேடுகிறார்

கட்டிலேயே அதிகம் அவப்பெயர் வாங்கியவர் இவர்தான். எனக்கு இவர்மேல் தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீட்டின் அடியில் பெயர் அச்சாகியிருக்கும். அந்த எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடியுங்கள். இப்போது படம் மட்டும் தெரியும். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரையில் நிதானமாக வருகிறார். கையில் ஆயுதம் எதுவும் இல்லை, வெள்ளை ரோஜா வரைந்த ஒரு கொடிதான் இருக்கிறது. எதிரே நான்கு பேர். ராஜா ஏற்கெனவே விழுந்துவிட்டார். பிஷப் கைகூப்புகிறார். இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் அண்ணாந்து பார்க்கிறது, அதற்குப் பயமே இல்லை. பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். ஆற்றில் ஒரு படகு.

விரலை முதலில் குழந்தையின் மேல் வையுங்கள், பிறகு சூரியன் மேல், பிறகு படகின் மேல். கடைசியாகத்தான் குதிரைக்காரரிடம் வர வேண்டும். இந்த வரிசையில் காட்டினால் யாரும் எழுந்து போவதில்லை. பாம்பனில் ஒரு மதினி இவரை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆளு எலும்பா இருந்தாலும் குதிரைய நல்லா கழுவி வச்சிருக்காரு" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்குக் குதிரைக்காரர் என்றுதான் பெயர்.

முடிந்ததை முடிந்தது என்று சொல்வது மட்டும்தான் இவர் வேலை. பழைய வல்லத்தை உடைத்துவிட்டு ஃபைபர் படகுக்கு மாறப்போகிறவருக்கு இந்தச் சீட்டு வந்தால், நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம், அவரே சொல்வார். யாராவது சாகப்போகிறார்களா என்று கேட்டால் தெளிவாக, உடனே, "இல்லை, இந்தச் சீட்டு அதைச் சொல்லாது" என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் இழுத்துப் பேசுவது பாவம்.

டெவிலுக்கும் (சாத்தான்) இதே வைத்தியம். பெயரை மறைத்துவிட்டு, கீழே நிற்கும் இருவர் கழுத்துச் சங்கிலியைக் காட்டுங்கள். தலைவழியாகக் கழற்றிப் போடும் அளவுக்குத் தளர்வாக இருக்கிறது. கந்துவட்டியில் மாட்டியவர்கள் இந்தச் சங்கிலியை ரொம்ப நேரம் பார்ப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

அறிகுறி: டவர் (கோபுரம்) வந்தால் கட்டையே மூடத் தோன்றுகிறது

டவர் பூசிமெழுகத் தெரியாதவர். மின்னல் விழுகிறது, உச்சியில் இருந்த கிரீடம் பறக்கிறது, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். "எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா" எல்லாம் இவரிடம் கிடையாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போது, கூண்டுதான் புயலைக் கொண்டுவந்தது என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. ஒன்றாம் எண் ஏற்றினால் தூரத்தில் ஏதோ இருக்கிறது என்று கயிற்றை இறுக்கிக் கட்டுகிறோம், பத்து ஏற்றினால் வீட்டை விட்டே கிளம்புகிறோம். டவரையும் அந்த மரியாதையோடு பாருங்கள். எது ஆட்டம் கண்டிருக்கிறது, எதை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம் என்று பேசுங்கள்.

ஆனால் ஒன்று. மற்ற எல்லாச் சீட்டையும் வைத்துச் சிரிக்கலாம், இவரை வைத்துச் சிரிக்கும் முன் எதிரில் இருப்பவர் எந்தக் குடும்பம் என்று பாருங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயலில் ஆட்களை இழந்த வீடுகள் எங்கள் ராமேஸ்வரம் தீவில் நிறைய. அவர்களுக்கு இடிந்த கட்டடம் என்பது படம் கிடையாது. முகம் மாறினால் சீட்டை அமைதியாகத் திருப்பி வைத்துவிட்டு, அவர்கள் பேச விரும்பினால் கேளுங்கள், இல்லாவிட்டால் டீ போடுங்கள்.

அறிகுறி: வாள் வீட்டார் வந்தால் சபையே அழுகிறது

நான்கு வீட்டில் இவர்கள்தான் நாடகக்காரர்கள். வாள் பத்தைப் பாருங்கள், விழுந்து கிடக்கும் ஒரு மனிதரின் முதுகில் பத்து வாள். ஒன்றே போதுமே! மிகைப்படுத்தாமல் இவருக்கு ஒரு சேதியும் சொல்ல வராது. ஆனால் அடிவானத்தில் மஞ்சள் வெளிச்சம் வந்துவிட்டது, பின்னால் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. வாள் ஒன்பது தூக்கம் கெட்டுப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொள்கிறார். ஒன்பது வாளும் பின்னால்தான் தொங்குகின்றன, ஒன்றுகூட அவர்மேல் படவில்லை. "எத்தனை வாள் உங்களைத் தொட்டிருக்கிறது, எண்ணுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எண்ணிப் பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வாள் ராணி மட்டும் வேறு ரகம். உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அப்புறம் சோறு போடும் பெரியம்மா அவர்.

அறிகுறி: சீட்டைப் படிக்க விடாமல் படத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள்

இது நம் கடற்கரைக்கே உரிய சிக்கல், சொல்லப்போனால் இது சிக்கலே இல்லை. படத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறவர்கள் கிடைப்பது பாக்கியம்.

வாள் ஆறு ஒரு படகு. பின்னால் ஒருவர் கம்பு ஊன்றித் தள்ளுகிறார், நடுவில் போர்த்திக்கொண்டு ஒரு பெண்ணும் குழந்தையும், முன்பக்கம் ஆறு வாள் செங்குத்தாக நிற்கிறது. கடல் தொழில் தெரிந்தவரிடம் இதைக் காட்டிவிட்டு, ஊர் விட்டுப் போவது, மனம் ஆறுவது என்று ஆரம்பிப்பீர்கள். அவர் காதில் ஏறாது. "தங்கச்சி, பலகைய ஓட்டை போட்டுல்ல வாளைக் குத்தியிருக்கான், தண்ணி ஏறாதா?" என்பார். இதற்கு நல்ல பதில் இருக்கிறது. வாள் இருக்கும்வரை ஓட்டை அடைபட்டிருக்கும், பிடுங்கினால்தான் தண்ணீர் ஏறும். "அப்ப கரைக்குப் போற வரைக்கும் இருக்கட்டும்" என்று அவரே சொல்லிவிடுவார். எந்தப் புத்தகமும் இந்தச் சீட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லாது.

நாணயம் இரண்டில் ஒருவர் இரண்டு காசை வைத்துக்கொண்டு ஆடுகிறார், பின்னால் இரண்டு கப்பல் பெரிய அலையில் ஏறி இறங்குகிறது. நம் ஆட்கள் ஆடுபவரைப் பார்ப்பதே இல்லை, கப்பலைத்தான் பார்க்கிறார்கள். "இவன் ஆடுறான், அங்க ஒருத்தன் உசுரு போகுது." வரவுசெலவுக் குழப்பத்தைப் பற்றிக் கேட்க வந்தவருக்கு இந்த இடத்தில் விஷயம் பிடிபட்டுவிடும். வீட்டில் யார் ஆடுகிறார், யார் அலையில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

ஸ்டார் (நட்சத்திரம்) பரமசாது. ஒரு குடத்துத் தண்ணீரைத் தரையிலும் இன்னொரு குடத்துத் தண்ணீரைக் குளத்திலும் ஊற்றிக்கொண்டே இருப்பாள். நம்பிக்கை, நிம்மதி என்று புத்தகம் சொல்லும். தள்ளுவண்டியில் குடம் அடுக்கி நல்ல தண்ணிக்கு அலைகிற ராமநாதபுரத்துப் பெண்களுக்கு இவளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "தண்ணிக்குள்ளயே தண்ணிய ஊத்துறாளே, இவ எந்த ஊருக்காரி?" கோபத்தைத் தணிக்க முயலாதீர்கள். தண்ணீர் இல்லாத ஊரில் ஒருத்தி தயங்காமல் ஊற்றுகிறாள் என்றால், இனி தண்ணீர் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் துணிச்சல்தான் அவள் குணம்.

மூன் (நிலா) பாதி சொல்லிவிட்டு மீதியை முழுங்குபவர். கீழே தண்ணீரிலிருந்து ஏறிவரும் பிராணியைச் சிங்கி இறால் என்று சொல்லி எல்லோரும் விலை பேசுவார்கள், பேசட்டும். ஹெர்மிட் (துறவி) விளக்கைத் தூக்கிக்கொண்டு தனியே நிற்கும் கிழவர், எந்த விசேஷத்துக்கும் வரமாட்டார். இங்கே அவரை ராத்திரி நண்டு பிடிக்கப் போகிறவர் என்றே நினைக்கிறார்கள். அதுவும் தப்பில்லை. தனியாக, சத்தமில்லாமல், காலடியைப் பார்த்து நடக்கிற வேலைதானே இரண்டும்.

அறிகுறி: சின்னச் சீட்டுகள் எதுவுமே பேசவில்லை

கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பை மட்டும் அடுக்கியிருக்கிறது, ஆளையே காணோம். நீங்கள் வாங்கியது மார்சேய் வகைக் கட்டு, அதாவது பழைய சீட்டாட்டக் கட்டின் பிரெஞ்சு வடிவம். டாரட் 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. குறி பார்க்கும் பழக்கம் பரவியது 18-ம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். ஆடுவதற்கு எண் போதும், முகம் எதற்கு?

எண் சீட்டுகளுக்கும் காட்சியும் குணமும் கொடுத்து எல்லோருக்கும் பழக்கமாக்கியது 1909-ல் லண்டனில் வந்த கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டம் போட்டார், பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். பெரிய வேலை, சொற்பக் காசு என்று அந்த அம்மாவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நாம் இன்று நாணயம் நான்கின் கஞ்சத்தனத்தையும் வாள் பத்தின் நாடகத்தையும் பார்த்துச் சிரிப்பது அவர் தூரிகையால்தான். கட்டின் பெயரைச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிதாகக் கற்பவர்கள் அந்தக் கட்டிலேயே தொடங்குங்கள். அதில் கோப்பை ஐந்து கறுப்பு அங்கி போட்ட ஒருவர். கவிழ்ந்த மூன்று கோப்பையையே பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் நிற்கும் இரண்டை மறந்துவிட்டவர். அவரைப் போல ஒருவரை எல்லோருக்கும் தெரியும்.

புத்தகம் 8 என்றால் நீதி என்கிறது, உங்கள் சீட்டில் 8 சிங்கத்தின் வாயைப் பிடிக்கும் பெண்ணாக இருக்கிறது என்றாலும் அச்சுப்பிழை கிடையாது. வெய்ட் இருவரையும் 8, 11 என்று இடம் மாற்றி உட்காரவைத்தார்.

அறிகுறி: "எப்ப?" என்று கேட்டால் கட்டு மழுப்புகிறது

தேதி சொல்வது இவர்கள் வேலை இல்லை. வேகம் மட்டும் சொல்வார்கள். வாள் வீரன் கேள்வி முடியும் முன் பதிலோடு பாய்ந்து வருவான், பின்னால் மரமெல்லாம் காற்றில் வளைந்திருக்கும். நாணய வீரனின் குதிரை நாலு காலையும் ஊன்றி நிற்கிறது. "பார்ப்போம்" என்பான், ஆனால் சொன்னதைச் செய்யாமல் விடமாட்டான். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுக்கு நான் எப்போதும் இரண்டாமவனுக்குத்தான் சிபாரிசு.

ஹேங்டு மேன் வந்தால் விளக்க வேண்டியதே இல்லை. ஒற்றைக் காலில் தொங்குகிறார், முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம். "இது தடைக்காலம்ல?" என்று விசைப்படகுக்காரர் ஒருவர் பார்த்தவுடனே சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடக்கும்போது யாரும் சும்மா இருப்பதில்லை. வலை பொத்துவார்கள், எஞ்சின் பிரிப்பார்கள், வர்ணம் அடிப்பார்கள். தொங்குபவருக்கும் அதே சுபாவம்தான்.

"இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா?" என்று கேட்டால் மட்டும் கட்டைத் தொடவே தொடாதீர்கள். வானிலை அறிக்கையைத் திறந்து காட்டுங்கள். போன படகு திரும்பவில்லை, ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று வரும் வீட்டாருக்கும் சீட்டுப் போடக் கூடாது. கூட உட்காருங்கள், அதிகாரிகளுக்கு மனு எழுத உதவுங்கள்.

அறிகுறி: எதிரில் இருப்பவர் வாயே திறக்கவில்லை

முதல் தடவை வருபவர் கிளி ஜோசியத்தை மனதில் வைத்துக்கொண்டு, நீங்களே எல்லாம் சொல்வீர்கள் என்று காத்திருப்பார். இவருக்குக் கலைக்காமலே ஒரு சீட்டை எடுத்து முன்னால் வையுங்கள்: கோப்பை ஏவலாள். பூப்போட்ட சட்டை, தலையில் சால்வை தொங்கும் தொப்பி, கடலோரம் நிற்கிறான். கையில் இருக்கும் கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனையே பார்க்கிறது. அவனும் அதைப் பார்க்கிறான், ஆச்சரியம் இருக்கிறதே தவிர பயமில்லை. கட்டிலேயே வெகுளி இவன்தான்.

இந்தக் கரையில் மீனைப் பார்த்துவிட்டு என்ன மீன் என்று கேட்காமல் இருக்க ஒருவராலும் முடியாது. ஓரா என்பார். கூட வந்தவர் நிறத்தைப் பார்த்துக் கிளிமீன் என்பார். எடுத்து நாளாகிவிட்டது, கண்ணைப் பார் என்பார் மூன்றாமவர். இல்லை, உயிரோடுதான் பேசுகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். என்ன பேசுகிறது என்று கேட்பார்கள். "உங்ககிட்ட என்ன கேக்குதுன்னு நீங்க சொல்லுங்க மாமா" என்று திருப்பிக் கொடுங்கள். பதில் வந்ததும் கட்டைக் கலைக்க ஆரம்பிக்கலாம்.